சலித்தெடுத்தவை

சலைனா மாவு ஆலையில் பத்தொன்பது ஆண்டு
இந்த வண்டைக் கொல்வதுதான் என் வேலை.
செம்பழுப்பு. அரிசியில் பாதி நீளம்.
பெயர் தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை.
புகை போடுவோம், கதவடைப்போம்,
மூன்றாம் நாள் திறந்து பெருக்குவோம்.

ஆலை மூடியபின் மன்ஹாட்டனில் வேலை கிடைத்தது.
வானத்தைக் கட்டடங்கள் மறைக்கும் அந்த ஊரல்ல,
கான்சஸில் கோதுமைக்கு நடுவே இருப்பது.
இங்கே அதே வண்டை வளர்க்கச் சம்பளம்.
நல்ல மாவு, கொஞ்சம் ஈஸ்ட், முப்பத்திரண்டு டிகிரி.
என் வீட்டில்கூட குளிர்காலத்தில் அத்தனை சூடு கிடையாது.

பெரிய கண் சல்லடையில் வண்டுகள் நிற்கும்.
சின்னக் கண்ணில் முட்டைகள்,
மேலெல்லாம் மாவு பூசிக்கொண்டு
தாங்களும் மாவுதான் என்று நடித்துக்கொண்டு.
ரொட்டிக்கடைகளுக்கு நாங்கள் அனுப்பிய மூட்டைகளில்
எத்தனை போயிருக்கும் என்று
நான் கணக்குப் போடுவதில்லை.

வெஸலீனா பல்கேரியாக்காரி. சாயமேற்றிய கருவை
கண்ணாடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள்.
நீலக் கோடுகள்.
தலை முதலில், மார்பு அடுத்து,
வயிறு இன்னும் வரவில்லை.
வால் பக்கத்தில் ஏதோ ஒன்று துடித்துத் துடித்து
ஒவ்வொரு கட்டாக விட்டுக்கொண்டிருக்கிறது,
பாதி கட்டிய வீட்டுக்குள் குடிபுகுந்தவன்
பின்னறையைப் பிறகு சேர்ப்பதுபோல.
பழ ஈ அப்படியில்லை. அவசரக்காரன்.
எல்லாக் கோடுகளையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறது.
வண்டின் வழிதான் பழையது என்கிறாள்.
ஈ குறுக்குவழி கண்டுபிடித்தது.

என் இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுத்தவர்
பேனா முனையால் எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவதில் நிறுத்தி "இங்கேதான்" என்றார்.
அந்த எலும்புகளும் தாயின் வயிற்றில்
பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வந்தவையாம்.
கடிகாரம் ஒன்றா, இரண்டு வீட்டில் இரண்டா
என்று இன்னும் சண்டை நடக்கிறதாம்.
நாலாவது எலும்பைக் கேட்டால் சொல்லுமோ என்னவோ.

அக்டோபரில் ஒரு மரபணுவை வாயடைத்தோம்.
ஊசி கூட்டுப்புழுப் பருவத்திலிருந்த தாய்க்கு,
விளைவு பிள்ளைக்கு.
தாய் வெளியே வந்து சாதாரணமாக நடந்தாள்.
அவள் முட்டைகளில்
வயிறு முழுக்கக் கால்கள்.
"புதுசா முளைச்சதா?" என்றேன்.
"இல்லை. எப்போதும் இருந்தது. வேண்டாமென்று ஒன்று
சொல்லிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தினோம்."
நாற்பது கோடி ஆண்டுக்கு மேலாகக் கடலை விட்டுவந்தும்
கால்களை மறக்கவில்லை,
அடக்கித்தான் வைத்திருக்கிறது.

அலமாரியில் இன்னொரு வில்லை உண்டு,
எனக்கு முன் யாரோ செய்துவைத்தது.
இடம் சொல்லும் மரபணுக்களை வரிசையோடு எடுத்துவிட்டார்கள்.
மார்பு தான் மார்பென்று அறியவில்லை,
வயிறு தான் வயிறென்று.
கட்டுக்குக் கட்டு உணர்கொம்பு.
உடம்பு நெடுக ஒரே தலையெழுத்து.
இத்தனை கொம்பிருந்தும்
முட்டையோட்டைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.
தேதி ஒட்டிய காகிதம் மஞ்சளாகிவிட்டது.
அதைத் துடைக்கும்போது மட்டும் நான்
ரேடியோவை நிறுத்திவிடுகிறேன்,
காரணம் கேட்காதீர்கள்.

நேற்றிரவு பிஸ்கட்டுக்கு மாவு எடுத்தபோது
டப்பா விளிம்பில் ஒன்று ஏறியது.
டார்லா "ஐயோ" என்றாள்.
மார்பில் மூன்று ஜோடி, வயிற்றில் ஒன்றுமில்லை,
எல்லாம் சரியான இடத்தில்.
பார்த்துக்கொண்டே
கட்டைவிரலால் நசுக்கினேன்.
பத்தொன்பது ஆண்டுப் பழக்கம்.

பிறகு மாவைச் சலித்தேன்,
சின்னக் கண்ணில், இருமுறை.
தட்டில் நின்றதைக் கொட்ட மனசில்லாமல்
விளக்கடியில் கொண்டுபோனேன்.
டார்லா அடுப்பை அணைத்துவிட்டு
படுக்கப் போய்விட்டாள்.